மூடி திறக்காத பாட்டில்: திண்டுக்கல்லும் ஒட்டன்சத்திரமும்

திண்டுக்கல் என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பிரியாணிக் கடையின் பெயர் கேட்டு வந்திருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் நான்கு வருடமாக அங்கே பிரியாணியை மோந்து பார்த்ததோடு சரி. பிரியாணி தெரிந்தவர்கள் எழுதிய பதிவுகள் ஆயிரம் இருக்கும், அங்கே போய்விடுங்கள். உங்கள் நேரத்தை வீணாக்க எனக்கு ஆசையில்லை.

மீதிப் பேர் என்னைப் போன்ற வயிற்றுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இந்த வலைப்பதிவே. எந்தப் பேருந்து எங்கே எத்தனை நிமிடம் நிற்கும், எந்த ஊரில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எங்கே நம்பி இரண்டு இட்லி தின்னலாம் என்று நாம் மட்டும் கவலைப்படுகிற விஷயங்களைத்தான் இதில் எழுதி வருகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அமலி. வயது முப்பத்து மூன்று. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, மகளிர் விடுதியில் ஜாகை. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் எனக்கு வயிறு உப்பிக் கல் போலாகிவிடும். சில நாள் எரியும், சில நாள் வாந்தி, சில நாள் ஓட்டம். செவ்வாய்க்கிழமை ஒன்றும் செய்யாத அதே இட்லி புதன்கிழமை என்னைச் சுருட்டிப் போட்டுவிடும். மேலே குழாய் விட்டும் கீழே குழாய் விட்டும் பார்த்தாகிவிட்டது. ஸ்கேன், ரத்தம், மலம் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான்: நார்மல். நார்மலாகவே இருந்து பதின்மூன்று கிலோ குறைந்திருக்கிறேன்.

இந்தப் பயணம் போன மாசியில், தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. திண்டுக்கல்லில் குடல் நோய் பார்க்கிற ஒரு டாக்டர் இருக்கிறார், பொறுமையாகக் கேட்பார் என்று வாசகி ஒருவர் எழுதியிருந்தார். சொந்த ஊரிலேயே ஒரு டாக்டரை விட்டு வைத்திருந்தேன் என்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "நானும் கூட வாரேன்" என்றாள். அப்பா இறந்த பிறகு அம்மா மேட்டுப்பட்டிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள்.

காலை ஐந்தே முக்காலுக்குச் சிங்காநல்லூரில் மதுரை போகும் அரசுப் பேருந்தில் ஏறினேன். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழி. திண்டுக்கல்லுக்கு ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர், நான்கு மணி நேரம். நான் வெறும் வயிற்றில்தான் பயணம் செய்வேன். பையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வெந்நீர் பிளாஸ்க், மாற்றுத் துணி ஒரு செட். ஏறும்போதே நடத்துநரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது என் வழக்கம். வெட்கப்பட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

"அண்ணே, எனக்கு வயிறு சரியில்ல. திடீர்னு நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாராபுரத்துல பத்து நிமிஷம் நிக்குமுங்க. அதுக்கு மேல உங்க கையிலயும் கடவுள் கையிலயும்தானுங்க" என்றார். சிரித்துவிட்டேன். தாராபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கிப் போய் வர நேரம் போதும். பத்து ரூபாய் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டே முக்காலுக்கு ஒட்டன்சத்திரம் வந்தது. காய்கறி மார்க்கெட் ஊர். கேரளா போகிற லாரிகள் வரிசையாக நிற்கும், முருங்கைக்காயும் வெங்காயமுமாகக் காற்றே காய்கறி வாசம் அடிக்கும். என் அண்ணன் அங்கேதான் ஒரு கமிஷன் மண்டியில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி ரீட்டா மதினிக்கும் அதுதான் பிறந்த ஊர். இந்த நான்கு வருடத்தில் எத்தனையோ முறை அந்த ஊரைக் கடந்து போயிருக்கிறேன், கடைசி மூன்று வருடமாக ஒருமுறைகூட இறங்கியதில்லை. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. அப்பாவின் வீட்டுப் பங்கு விஷயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போன் செய்தால் அண்ணன் "நல்லா இருக்கியா, சரி" என்று வைத்துவிடுவான். நான் கோவையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட மதினி ஒரு போன் செய்யவில்லை. எனக்கு அந்த வருத்தம் நிறைய இருந்தது. ஒரு காலத்தில் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள் அவள். எனவே அன்றும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, உட்கார்ந்தே இருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்குத் திண்டுக்கல். பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். வீட்டில் அம்மா கிளம்பி நின்றாள். தவக்கால வெள்ளி என்பதால் மதியம் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை அவளுக்கு. நானும் சாப்பிடவில்லை. பட்டினி கிடக்கிற இரண்டு பெண்கள் வயிற்று டாக்டரைப் பார்க்கப் போனோம்.

ஆட்டோக்காரர் வழி முழுக்க வைத்தியம் சொன்னார். இது இந்த ஊரில் இலவசம். "சுண்டவத்தல வறுத்துப் பொடிச்சு மோர்ல போட்டுக் குடிங்கம்மா. எங்க அக்காவுக்கு அம்புட்டு வலியும் ஓடிப்போச்சு." சுண்டைவற்றல், ஓமம், மாதுளம்பழத் தோல், விளக்கெண்ணெய், பெங்களூர்க்காரர் ஒருவர் சொன்ன ஆட்டுப்பால் என்று எல்லாவற்றையும் நான் தின்று பார்த்திருக்கிறேன். இருந்தாலும் "சரிண்ணே" என்றேன். நல்ல மனதோடு சொல்கிறவரிடம் வேறு என்ன சொல்வது?

ஆலோசனைக் கட்டணம் ஐந்நூறு ரூபாய். டோக்கன் வாங்கி ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். கழிப்பறை சுத்தம், தண்ணீர் வருகிறது, உள்தாழ்ப்பாள் இருக்கிறது. டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். என் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"புண் இல்ல. கட்டி இல்ல. அடைப்பு இல்ல. கோதுமை ஒவ்வாமையும் இல்ல."

"வலி மட்டும் இருக்கு டாக்டர்" என்றேன்.

"இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. நீங்க சும்மா சொல்றீங்கன்னு நான் நினைக்கல. ஆனா இதனாலதான்னு ஒண்ணைக் காட்டிச் சொல்ல என்னால முடியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு வருடத்தில் "சும்மா சொல்லவில்லை" என்று முதலில் சொன்ன டாக்டர் அவர். ஆனால் விடை அவரிடமும் இல்லை. அந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததில் எதற்கு அழுகிறேன் என்று எனக்கே புரியவில்லை.

அவர் விடாமல் ஆரம்பத்திலிருந்து கேட்டார். "முதல் தடவை எப்ப வந்துச்சு? ரிப்போர்ட்ல மே மாசம்னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட வரலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வந்துச்சு டாக்டர். அந்த ஜனவரியிலயே வந்துச்சு. பொங்கல் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போன வாரம். அப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவை. மே மாசத்துல தெனமும் ஆயிருச்சு, அப்பத்தான் வீட்ல சொன்னேன்."

அந்தச் சமயத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று பேச்சுக் கிளம்ப வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"புதுநன்மைக்கு முன்னாடியேவா?"

அண்ணன் மகளின் புதுநன்மையைத்தான் கேட்கிறாள். பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற விழா. அந்த மே மாதம் ஒட்டன்சத்திரத்தில் நடந்தது. நான் லீவு போட்டு நான்கு நாள் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன்.

"நாலு மாசம் முன்னாடிம்மா" என்றேன். டாக்டர் வலி தாங்குவதற்கு ஒரு மாத்திரையும், சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பிரிப்பதற்கு ஒரு அட்டவணையும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே மருந்துக்கடை வாசலில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா முகம் வெளிறியிருந்தது. பட்டினி என்று நினைத்து, "இளநி வாங்கட்டுமாம்மா? ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "ஒட்டன்சத்திரத்துக்கு இப்ப பஸ் இருக்கா?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா என்னை வேடசந்தூருக்கு அப்பால் ஒரு ஊருக்குத் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போயிருந்தாள். தெரியாதவர்களுக்கு: வயிற்றில் செரிக்காமல் தங்கிப்போனதை மருத்துவச்சி உறிஞ்சி வெளியே எடுப்பதாகச் சொல்வார்கள். மில் வேலைக்குப் போகும் பெண்களோடு நெருக்கியடித்துப் பேருந்தில் போனது நினைவிருக்கிறது. அந்த அம்மாள் என் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, தொப்புளில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, கிண்ணத்தில் கறுப்பாக எதையோ துப்பினாள். எனக்குக் குமட்டிவிட்டது. வேலிப் பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன். விடுதித் தோழிகளிடம் அதை நடித்துக் காட்டிச் சிரித்தும் இருக்கிறேன். நான் வேலியோரம் நின்ற அந்தச் சில நிமிடத்தில் உள்ளே நடந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"நீ வெளிய போயிருந்தப்ப அவ சொன்னா" என்றாள் அம்மா. "இது தின்ன சோறு இல்ல, யாரோ தின்னுறதுல கலந்து மருந்து வச்சிருக்காக. ஒறவுக்காரக் கைதான். ஒடம்புக்கு வாரதுக்கு முன்னாடி கடைசியா எந்த வீட்டுல கை நனைச்சான்னு கேட்டா. நான் வேற என்னத்தச் சொல்ல? புதுநன்மைக்குப் போயி ரீட்டா வீட்டுலதான நாலு நாளு தின்ன."

"மதினி எதுக்கும்மா எனக்கு மருந்து வைக்கணும்?"

"நீ கல்யாணம் இல்லாமப் போனா வீடு அவுகளுக்குத்தானன்னு நெனச்சேன். புத்தி அப்பிடிப் போச்சு."

"அவங்ககிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். வீட்டுக்குள்ளகூடப் போகல. வாசல்ல நின்னு, தெருவே பாக்கக் கேட்டேன்." அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அவ ஒண்ணுஞ் சொல்லல. உள்ள போயி மாதா படத்தக் கொண்டாந்து, அதுமேல கைய வச்சா. நான் திரும்பி வந்துட்டேன். வேதக்காரி இதையெல்லாம் நம்பலாமான்னு சாமியார் வைவாருன்னு பாவசங்கீர்த்தனத்துலயும் நான் சொல்லல."

எனக்கு அம்மாவை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும் போலவும் இருந்தது. என் வயிற்றுக்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று நான் ஊர் ஊராக அலைந்த காலத்தில், அம்மாவுக்கு எப்போதோ கிடைத்துவிட்டிருக்கிறது. அந்தக் காரணம் ஒட்டன்சத்திரத்தில் சமைத்து, துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒன்றேகாலுக்குப் பழனிப் பேருந்து ஏறினோம். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சாயங்காலம் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குக் கோயிலுக்குப் போக முடியாதே என்றேன். தவக்கால வெள்ளியில் அம்மா அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. "இதுவும் அதுதான்" என்றாள்.

அண்ணன் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது தெரு, நடந்தே போய்விடலாம். அண்ணன் மண்டியிலிருந்து ஐந்து மணிக்கு மேல்தான் வருவான், மகள் பள்ளிக்கூடத்தில். கதவைத் திறந்த மதினி எங்களைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு, "வாங்க அத்தை. வா அமலி" என்றாள். மின்விசிறியைப் போட்டாள். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். அவள் முன்நெற்றியில் நரை வந்திருந்தது.

உள்ளே போனவள் தட்டில் இரண்டு தண்ணீர் பாட்டில் கொண்டு வந்து வைத்தாள். கடையில் விற்கிற அரை லிட்டர் பாட்டில். மூடி திறக்கவில்லை. டம்ளர் இல்லை. என் வயிற்றை நினைத்துத்தான் அப்படிக் கொடுக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"எனக்காகவா மதினி? நான் வெந்நீர் கொண்டாந்திருக்கேன்."

"இல்ல அமலி. இந்த வூட்டுல யாரு வந்தாலும் இதுதான்" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், மூலையில் பிளாஸ்டிக் சுற்றிய பாட்டில் கட்டு ஒன்று பாதி பிரித்துக் கிடந்தது. "மூடி உடைக்காததாப் பாத்துத்தான் குடுக்கறது. அப்பறம் ஒரு பேச்சு வேண்டாமுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

நான் கேட்டுக் கேட்டு வாங்க, மற்றதையும் சொன்னாள். அம்மா வாசலில் நின்று கேட்டது தெருவோடு நிற்கவில்லை. போன வைகாசியில் மதினியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார்கள். இவளும் அரிவாள்மனையோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். "நீ எதுக்குக் கண்ணு கஷ்டப்படற, நீ வாசல்ல நின்னு வரவங்களக் கூப்பிடு" என்று எழுப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுநாள் வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு நின்றிருக்கிறாள். செத்த நேரத்தில் யாரோ வந்து தட்டை வாங்கி வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, இவள் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

"கற்கண்டு வாயில போடறதில்லீங்களா" என்றாள் மதினி. "பன்னீர்னா மேல தெளிக்கறதுதான."

நான் அழுதேன். அவள் அழவில்லை. மூன்று வருடமாக அவள் யாருக்கும் ஒரு வாய் காபிகூடப் போட்டுக் கொடுத்ததில்லை. மகளின் தோழிகள் வந்தால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் கொடுப்பாளாம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கோவை வரைக்கும் வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாளாம். "உள்ள வந்து, நான் போனப்பறம் உனக்கு ஒண்ணு ஆயிருந்தா?" என்றாள்.

அம்மா தொண்டையைச் செருமினாள். "அமலிக்குப் பொங்கலுக்கே வந்துருச்சாம் ரீட்டா. இங்க வாரதுக்கு நாலு மாசம் முன்னாடியே. இன்னிக்குத்தான் டாக்டர்கிட்டச் சொல்றா. எனக்குத் தெரியாமப் போச்சு. நான் பேசுனது தப்பு."

எங்கள் வீட்டில் அம்மா யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. மதினி என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் என்ன நோயின்னு சொன்னாரு?"

"தெரியலன்னுட்டார் மதினி."

"ஒண்ணுமே சொல்லலையா? ஒரு பேரு?"

"இல்ல."

அவள் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் நான் பார்த்ததிலேயே பெரிய ஏமாற்றம் அந்த முகத்தில்தான் இருந்தது, டாக்டர் அறையில் எனக்கு இருந்ததைவிட. "ஏதாச்சும் ஒண்ணு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். "அத்தை தப்புன்னு சொல்றது எனக்குப் போதுமுங்க. ஆனா ஊருல கேட்டா நான் என்னன்னு சொல்றது? டாக்டருக்கே தெரியலையாமுன்னா, அப்ப மருந்துதான்னு சொல்லுவாங்க."

என் நோய்க்குக் காரணம் தெரிய வேண்டும் என்று என்னைவிட அதிகமாகக் காத்திருந்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். அதுகூடத் தெரியாமல் நான் வருடக்கணக்காக என் வயிற்றைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாதா கோயில் மணி மூன்று அடித்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நோம்பு விடணும் ரீட்டா. ஒரு வாய் கஞ்சி குடு. உப்புப் போட்ட வெறுங் கஞ்சி போதும்."

மதினி அசையவில்லை. "ஓட்டல்ல வாங்கீட்டு வந்தர்றனுங்க அத்தை."

"உன் கையால குடு."

அடுப்படி வாசல் வரை போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பானை இருக்கிற பக்கம் பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள். "இன்னிக்கு வேண்டாமுங்க" என்றாள் கடைசியில். அம்மா வற்புறுத்தவில்லை. அந்த மூடி திறக்காத பாட்டிலைத்தான் திறந்து குடித்தாள்.

நாலரைக்குக் கிளம்பினோம். பேருந்து நிலையம் வரை மதினியும் வந்தாள். வாசலில் தள்ளுவண்டியில் மலைவாழைப்பழம் வைத்திருந்தார் ஒருவர். அவள் ஒரு சீப்புக்குக் காசு கொடுத்தாள். வண்டிக்காரர் பழத்தை அவளிடம் நீட்ட, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஏனுங்க, அவங்க கையிலயே குடுத்தருங்க" என்றாள். வண்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சீப்பை அம்மாவிடம் கொடுத்தார்.

நான் ஒரு பழத்தைப் பிய்த்து மதினியிடம் நீட்டினேன். "உரிச்சுக் குடுங்க மதினி."

"வேண்டாம் அமலி. உனக்கு ஒத்துக்காமப் போயிருச்சுன்னா?"

"குடும்மா" என்றாள் அம்மா.

மதினி வாங்கினாள். விரல் பழத்தில் படாமல், தோலை மட்டும் பிடித்து, பாதிவரை உரித்தாள். பேருந்து நிலையத்து ஜனம் எல்லாம் பார்க்க நான் அதை முழுவதும் சாப்பிட்டேன். அம்மாவும் ஒன்றை உரித்து வாங்கிச் சாப்பிட்டாள். மதினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற மாதிரி அல்ல, பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற மாதிரி.

இனி நீங்கள் கேட்கிற விவரங்கள். கோவையிலிருந்து திண்டுக்கல் போகிற வயிற்றுக்காரர்கள் அதிகாலைப் பேருந்தையே பிடியுங்கள், வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். தாராபுரத்தில் ஒருமுறை கட்டாயம் இறங்குங்கள், தேவை இல்லை என்று தோன்றினாலும். ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் இரண்டு நிலையங்களிலும் கட்டணக் கழிப்பறை உண்டு, சோப்பு நாம்தான் கொண்டு போக வேண்டும். எனக்கு ஓரளவாவது ஒத்துக்கொள்வது வெறும் கஞ்சியும் வெந்நீரும்தான், உங்களுக்கு எது என்று உங்களுக்கே தெரியும். டாக்டரிடம் போகும்போது, முதல் தடவை எப்போது வந்தது என்பதை யோசித்து உண்மையாகச் சொல்லுங்கள். அதை வீட்டில் இருப்பவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். விடை கிடைக்காத நோயை வீட்டில் யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை, அதை யார் தலையிலாவது இறக்கிவிடுகிறார்கள். உங்களால் பழி சுமக்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் திரும்பும்போது ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். காற்று வரும். தேவைப்பட்டால் முகத்தை வெளியே திருப்பிக்கொள்ளவும் வசதி. ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் எனக்கு ஆரம்பித்தது. முதலில் உப்பியது, பிறகு உள்ளே முறுக்கிப் பிழிந்தது. வெந்நீர் குடித்தாலும் கஞ்சி குடித்தாலும் வருகிற அதே வலிதான், அன்றைக்குப் பழம் தின்னாமல் இருந்தாலும் வந்திருக்கும். அது எனக்குத் தெரியும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மீதிச் சீப்பு அவள் மடியில் இருந்தது.

"வலிக்குதா?" என்றாள்.

வேர்வையைத் துடைக்கவில்லை. துடைத்தால் பார்த்துவிடுவாள்.

"இல்லம்மா" என்றேன். "இன்னொரு பழம் குடு."